முந்நூறு கை

வைகாசி பிறந்து பத்து நாள் ஆகவில்லை, கொட்டகலைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழையில்லை அது. மலை முழுவதையும் மூடிக்கொண்டு நாள்கணக்கில் நசநசவென்று கிடக்கும். உடுத்த துணி காயாது, அடுப்பில் விறகு பிடிக்காது, அட்டை மட்டும் கொழுக்கும். அந்த மழைக்குள்தான் ஜீவராஜ் ஒரு வேன் நிறைய மாவு மூட்டைகளோடு வந்து இறங்கினான்.

பாலத்தடித் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடுகளான லயத்தில், மூன்றாம் காம்பரா அவன் பிறந்த இடம். இப்போது அதில் இருப்பது அவனுடைய அக்கா நாகலெட்சுமியும் அவள் மகள் பிரியந்தியும்தான். நாகலெட்சுமியின் புருசன் குளவி கொட்டிச் செத்து ஆறு வருசம். பிரியந்தி தோட்டத்துப் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவது நாகலெட்சுமி மட்டும்.

மூட்டைகளை வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் அடுக்கும்போது பக்கத்துக் காம்பரா அழகம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்ன தம்பி, இத்தன மாவு மூட்ட? ரொட்டிக் கட போடப் போறீங்களா?"

"இது திங்கிற மாவு இல்லக்கா. பிளாஸ்டர். தண்ணி ஊத்தினா கல்லாப் போயிரும்."

"எங்க வீட்டு ரொட்டியும் அப்புடித்தான் போகுது. இதுக்கு ஏன் கொழும்புல இருந்து தூக்கிட்டு வரணும்?"

லயமே சிரித்தது. ஜீவராஜும் சிரித்தான். கொழும்பில் அவன் முன்னால் இப்படிப் பேச ஆளில்லை. அங்கே அவன் பேர் பெரிய பேர். அவன் செய்த சிலைகளைப் பற்றிப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். பெர்லினிலும் டாக்காவிலும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேர் வர எத்தனை வருசம் ஆனது என்பது நாகலெட்சுமிக்குத்தான் தெரியும்.

தாய் செத்தபோது அவனுக்கு எட்டு வயது, அவளுக்குப் பதினைந்து. தகப்பன் அதற்கு முன்பே சாராயத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். அவள் கூடையைத் தலையில் மாட்டினாள்; அவன் தண்ணி ஓடுகிற கான் ஓரத்து வெள்ளைக் களியைச் சுரண்டி மாடு, நாய், கங்காணி என்று பிடித்துப் பிடித்து இஸ்தோப்பில் வரிசையாக வைத்தான். ஒருநாள் தோட்டத்துத் தொரையையும் பிடித்து வைத்தான், வயிறும் தொப்பியுமாக. அதைப் பார்த்த கங்காணி உதைத்து உடைத்தான். உடைத்துவிட்டு, "அச்சு அசலா இருக்குடா" என்றும் சொன்னான். பள்ளிக்கூடம் முடித்து ஜீவராஜ் கொழும்பில் சிற்பம் படித்தான். படித்து முடித்ததும் பத்து வருசம் வத்தளைப் பக்கம் கோயில்களுக்குச் சீமெந்துப் பிள்ளையார் செய்து வயிறு கழுவினான். அப்புறம் ஒரு புயலில் இந்த லயத்துக் கூரைத் தகரம் பறந்தபோது, அந்தத் துருத் தகரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், அடித்து வளைத்து, ஒரே காம்பராவுக்குள் ஒன்பது பேர் நெருக்கிப் படுத்துக் கிடப்பதுபோலச் செய்தான். அதில்தான் அவன் காலம் திரும்பியது. "நம்ம ஒழுகின தகரத்துக்கு வெள்ளக்காரன் கண்ணாடிப் பொட்டி செஞ்சு வச்சிருக்கான்டி" என்று அழகம்மா அப்போது ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவன் கைகளையே செய்தான். மண்வெட்டி பிடித்த கை, கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, பிள்ளையின் தலையில் பேன் பார்க்கிற கை. உழைக்கிற கையைப் பார்க்கத் தெரிந்த கண் இந்த நாட்டில் இவனுக்குத்தான் என்று எழுதினார்கள்.

இப்போது வந்திருப்பது முந்நூறு கைகளுக்கு. கொழுந்து எடுக்கிற முந்நூறு பெண்களின் வலது கையை அச்செடுத்து, வெள்ளையாக வார்த்து, ஒரு பெரிய மண்டபத்தில் தேயிலை நிரை போல வரிசை வரிசையாக நிறுத்த வேண்டும். கொழும்பில் ஒரு கலை அமைப்பு பொறுப்பெடுத்திருந்தது. பெரிய தொரையும் அனுமதி கொடுத்துவிட்டார்.

"முதல் கை ஒன்னோடதுக்கா" என்றான்.

நாகலெட்சுமி ரொட்டியைக் கல்லில் திருப்பிப் போட்டாள். "என் கையில என்னடா இருக்கு? கறைதான் இருக்கு."

"அதுதான் வேணும்."

அவன் வேலை செய்கிற விதம் இதுதான்: அச்செடுக்கிறதுக்கு முன்னால் வரைவான். வரையாமல் எடுத்த அச்சு பிணம் என்பான். ஒரு வாரம், அவள் மலையால் வந்து தேத்தண்ணி குடித்த கையோடு இஸ்தோப்பில் உட்கார வைத்து, மழை வெளிச்சத்தில் அந்தக் கையை நாற்பது தரம் வரைந்தான். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு, ஆள்காட்டி விரலில் குறுக்கும் நெடுக்கும் ஓடின கீறல்கள், நடுவிரல் நுனியில் பாதி ஆறின கொப்புளம்.

"இது என்னக்கா?"

"ரொட்டிக் கல்லு சுட்டது."

"வலிக்கலயா?"

"பழகிப்போச்சுடா."

"இந்தப் புண்ணு அழகா இருக்கு" என்று அதைத் தனியாக ஒரு தாளில் பெரிதாக வரைந்தான். நாகலெட்சுமி எழும்பி அடுப்படிக்குப் போனாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கல் சுட்டது அவளுக்குத் தெரியவே தெரியாது. ரொட்டி வாசத்தோடு வேறொரு வாசம் வந்தபிறகுதான் விரலைப் பார்த்தாள். இரண்டு வருசமாக இந்தக் கதை. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது, பிறகு எறும்பும் ஊரவில்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டால் கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும். இளங்கொழுந்தா முத்தலா என்று விரல்தான் சொல்லும். நல்ல கொழுந்துக்காரி செடியைப் பார்க்கவே மாட்டாள், ஊர்க்கதை பேசிக்கொண்டே இரண்டு கையாலும் அள்ளுவாள். நாகலெட்சுமிக்கு அந்தக் காலம் போய்விட்டது. மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணும் தெரியாமல் முத்தலும் தண்டுமாகப் பிடுங்கிப் போட்டுவிடுவாள். தராசுக்குப் போகிறதுக்கு முன்னால் அழகம்மா அவள் கூடைக்குள் கையை விட்டு முத்தலைப் பொறுக்கிச் செடிகளுக்கு நடுவில் எறிவாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போடி" என்பாள் அழகம்மா.

"போனா என்ன சொல்லுவாங்க? மல வேலைக்கு ஆகாதுன்னு துண்டு எழுதிக் குடுப்பாங்க. அத எடுத்துக்கிட்டுப் போயி எங்க குந்துறது?"

மேல் லயத்துச் சண்முகவடிவுக்கு முதுகு போய்ப் பேர் வெட்டினார்கள். அவள் வீட்டில் தோட்டத்துப் பதிவில் வேறு யாரும் இல்லை. ஆறு மாதத்துக்குள் காம்பராவைத் திருப்பிக் கேட்டார்கள். இப்போது அவள் தலவாக்கலையில் ஒரு கடையின் பின் சாய்ப்பில் கிடக்கிறாள். மூன்றாம் காம்பராவிலும் பதிவில் இருப்பது ஒரே ஒரு பேர்தான்.

அச்செடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லயமே இஸ்தோப்பைச் சுற்றி நின்றது. ஜீவராஜ் வழக்கமாக இதற்குப் பல் வைத்தியர்கள் பாவிக்கிற ரோசா நிறப் பவுடர்தான் எடுப்பான். அது குளிர்ந்தது, ரப்பர் மாதிரி. அது கப்பலில் வர ஒரு மாதமாகும் என்றார்கள். அவனுக்குப் பொறுமை இல்லை. பழைய முறையில் பிளாஸ்டரிலேயே எடுத்துவிடலாம் என்றான். முதல்தரம் மலையிலிருந்து வழிகிற பீலித் தண்ணியில் கரைத்தான். கொட்டகலைத் தண்ணி, அதுவும் வைகாசியில். அரைமணி நேரமாகியும் கூழ் கூழாகவே வழிந்தது.

"பிரியந்தி, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா பிள்ள" என்றான்.

சுடுதண்ணியில் கரைத்தது சட்டென்று தடித்தது. பெரிய பிஸ்கட் தகரம் நிறைய ஊற்றி, எண்ணெய் பூசிய அக்காவின் கையை, கொழுந்து கிள்ளுகிற பாவனையில் உள்ளே இறக்கினான்.

"அசையாதக்கா. சுட்டா உடனே சொல்லு."

"ம்."

பிளாஸ்டர் இறுகும்போது தானாகவே சூடாகும். சுடுதண்ணியில் கரைத்தால் இன்னும் சூடாகும், கனமாக ஊற்றினால் நடுவில் அடுப்பு மாதிரி ஆகிவிடும். இது அவனுக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"சுடுதாக்கா?"

"இல்லடா. இதமா இருக்கு. மணிக்கட்டுக்கு ஒத்தடம் குடுத்தாப்பல இருக்கு."

மணிக்கட்டு மேலே இருந்தது. விரல்கள் அடியில் இருந்தன. கால்மணி நேரம் கழித்து அவன் அச்சைப் பிளந்தபோது இரண்டு விரல்கள் அவித்த கிழங்கு போல வெளுத்திருந்தன. தோல் அச்சோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பார்த்த பெண்கள் "ஐயோ" என்று அலறினார்கள். நாகலெட்சுமி அலறவில்லை. யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தாள்.

அதைத்தான் எல்லாரும் கண்டார்கள். அங்கிருந்துதான் கதை கிளம்பியது.

தோட்டத்து மருந்தறையில் களிம்பு பூசிவிட்டார்கள். மூன்றாம் நாள் விரல் கறுத்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இரண்டாம் கணு வரை எடுத்துவிட்டார்கள். பெரிய டொக்டர் சிங்களத்தில் என்னவோ நீளமாகக் கேட்டார். ரிஸ்னா என்ற தாதிதான் தமிழில் சொன்னாள்.

"சூடு வெளங்கல்லியான்னு கேக்குறார். ஒங்களுக்கு ரத்தத்துல சீனி நல்லாக் கூடி ஈக்கி. வெரல் நரம்பெல்லாம் செத்துப் போய் ஈக்கி. இடது கையும் அப்புடித்தான். முந்தியே தெரியுமா ஒங்களுக்கு?"

நாகலெட்சுமி கதவைப் பார்த்தாள். ஜீவராஜ் வெளியே வாங்குப் பலகையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மகள், அவங்கிட்ட இத சொல்லிறாதீங்க."

"ஏன்? அவர் பாவம், சாப்பிடாம ஈக்கிறார்."

"சொன்னா சேதி தோட்டத்துக்குப் போயிரும்."

ரிஸ்னா கிளினிக் அட்டையை எழுதிப் பக்கத்தில் நின்ற பிரியந்தியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பிரியந்தி அதை இரண்டாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"வாயத் தொறக்காதம்மா" என்றாள் தாழ்ந்த குரலில். "ரெண்டு வெரலு போனதுக்குப் பேரு வெட்ட மாட்டாங்க. விபத்துன்னு லேசான வேல குடுப்பாங்க. ரெண்டு கையும் செத்ததுன்னு தெரிஞ்சா முடிஞ்சுது. இன்னும் ரெண்டே வருசம். எனக்கு டீச்சர் வேல நெரந்தரமாகட்டும், வெளிய ஒரு எடம் பாப்பம்."

"ஒம் மாமன் முகத்தப் பாத்தியா?"

"பாத்தேன். மாமாவுக்குக் கொழும்புல வீடு இருக்கு."

நாகலெட்சுமி லயத்துக்குத் திரும்பி வந்தபோது அவள் வேறொரு ஆளாகிவிட்டிருந்தாள். தம்பிக்காக நெருப்பைப் பொறுத்தவள். வார்ட்டுக்கு வந்த ஒரு பத்திரிகைக்காரர் "தம்பியின் கலைக்கு விரல் தந்த தமக்கை" என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். கோயில் தலைவர் வந்து வாழைப்பழச் சீப்பு கொடுத்துவிட்டுப் போனார். பீலியடியில் பெண்கள் வழிவிட்டார்கள். இரவல் சேலையில் கல்யாண வீட்டுக்குப் போனவளுக்கு உட்காரவும் பயம், எழும்பவும் பயம்; நாகலெட்சுமி அப்படித்தான் திரிந்தாள். அழகம்மா மட்டும் கிண்டலை நிறுத்திவிட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஜீவராஜ் போகவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை. இஸ்தோப்பில் மூட்டைகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு மழையைப் பார்த்தான். பிரியந்தி ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தால் காகத்துக்குப் பிய்த்துப் போட்டான்.

"ஏன்க்கா பொறுத்த?" என்று ஒருநாள் கேட்டான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா இழுத்திருப்பேனே. நான் கேட்டேனேக்கா. திரும்பத் திரும்பக் கேட்டேன்."

"கேட்டடா. ஒம்மேல பெழ இல்ல."

"சின்ன வயசுலயும் அப்புடித்தான். நீ திங்காம எனக்குக் குடுத்துட்டு, பசிக்கலடாம்ப. இப்பவும் சுடலடாங்கிற."

பசிக்கவில்லை என்று அன்றைக்கு நாகலெட்சுமி சொன்னது பொய். சுடவில்லை என்று சொன்னது பொய்யில்லை. இந்தப் பொல்லாத வித்தியாசத்தை எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தாள். உள்ளே பிரியந்தி பானையைச் சத்தமாக வைத்தாள்.

"வேலையப் பாருடா" என்றாள் நாகலெட்சுமி. "இந்தா, மூட்ட எல்லாம் ஈரத்துல கட்டி தட்டுது. வேல செய்யாத ஒன்ன எனக்குப் பாக்க ஏலாது."

அந்தக் கிழமை கொழும்பிலிருந்து கலை அமைப்பின் ஆள் வந்தாள். சுதர்ஷினி என்று பேர். சேற்றில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இஸ்தோப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிளேன்டீ குடித்தாள். நல்ல பிள்ளை.

"சேர், ஒக்டோபருக்கு மண்டபம் புக் பண்ணியாச்சு. நீங்க நிறுத்திட்டா அக்கா பட்டதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்."

அந்த வார்த்தை ஜீவராஜுக்குள் எங்கோ போய்க் குத்தியது. அன்றைக்குத்தான் அவன் பென்சிலைக் கையில் எடுத்தான். முறை மாற்றினான். எலும்பு முறிந்தால் சுற்றுகிற பிளாஸ்டர் துணியை, பச்சைத் தண்ணியில் நனைத்து மெல்லிசாகச் சுற்றி எடுப்பது. கொஞ்சம் வெதுவெதுப்பு வரும், அவ்வளவுதான். தன் கையில் நான்கு தரம் சுற்றிப் பார்த்தான். ராத்திரிச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டான்.

"மண்டபத்துக்குள்ள நொழஞ்சதும் ஒங் கைதான்க்கா நிக்கும்" என்றான். "அந்தப் பழைய அச்சுலயே வாக்குறேன், தோல் ஒட்டினது ஒட்டினபடி. 'பொறுத்த கை'ன்னு பேரு வச்சிருக்கேன்."

நாகலெட்சுமி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு அவளும் போனாள். கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடந்தால் பேரை மறந்துவிடுவார்கள் என்று பிரியந்திதான் அனுப்பினாள். மழை சற்று விட்டிருந்தது. பெரட்டுக்களத்தில் கூடையும் இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்குமாக எழுபது எண்பது பெண்கள் குளிருக்கு ஒடுங்கி நின்றார்கள். வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு துஷாந்த், இருபத்தெட்டு வயதுப் பையன், பேர்ப் பதிவான செக்ரோல் புத்தகத்தை பொலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டான். கூப்பிட்டு முடிந்ததும், "சிலைக்கார ஐயா பேசப் போறாரு. தொரையோட ஓடர். கேட்டுட்டு மலைக்கிப் போங்க" என்றான்.

ஜீவராஜ் முன்னால் வந்தான். அவன் பின்னால் சுதர்ஷினி கெமராவோடு நின்றாள்.

"அக்காமாரே, யாருக்கும் கட்டாயம் இல்ல. இந்தத் தரம் பச்சத் தண்ணி, மெல்லிசுத் துணி. லேசாச் சூடேறும். கொஞ்சம் சுட்டாலும் உடனே கைய இழுத்துருங்க. வெக்கப்பட வேணாம், எனக்காகப் பொறுக்கவும் வேணாம்."

"அதெப்புடி?" என்று முன்வரிசையிலிருந்து பிரேமினி சொன்னாள். முப்பது வயது, கீழ்ப்பிரிவில் அதிகம் கொழுந்து எடுக்கிறவள். "நாகலெச்சுமி அக்கா வெரலையே குடுத்துச்சு. நாங்க ஒரு சூடு பொறுக்க மாட்டமா?"

"ஆமா தம்பி, சுத்துங்க நீங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "சத்தம் போட்டா எங்கள என்னான்னு கேளுங்க."

"யாரு கூட நேரம் பொறுக்கிறான்னு பாத்துருவமே!"

சிரிப்பு எழும்பியது. நாலைந்து பேர் சட்டைக் கையை மேலே சுருட்டினார்கள். நாகலெட்சுமி அந்தக் கைகளைப் பார்த்தாள். மூன்றாவதாக நின்ற சுப்பம்மாளின் கட்டைவிரலில் ஒரு வெட்டு வாய் பிளந்து கிடந்தது, சீழ் வைத்திருந்தது, அவள் அந்த விரலாலேயே சட்டையை இழுத்துச் சுருட்டினாள், முகம் சுளிக்கவில்லை. சுப்பம்மாள் பனி நாளில் செடிக்குள் மூஞ்சியை விட்டுப் பறிப்பதை நாகலெட்சுமி எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். கண் மங்கல் என்று நினைத்திருந்தாள்.

பக்கத்தில் நின்ற அழகம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள். "வேணாம்டி" என்றாள் உதடு அசையாமல். "காம்பராவ நெனச்சுக்க."

நாகலெட்சுமி கையை விடுவித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"நான் பொறுக்கல" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. ஜீவராஜ், "அக்கா, நீ போய் ஒக்காரு" என்றான்.

"இல்லடா. கேளு. பொறுத்தேன் பொறுத்தேங்கிறீங்க. நான் பொறுக்கல. எனக்குத் தெரியல. சுட்டதே தெரியல. இந்த வெரலு செத்து ரெண்டு வருசமாச்சு. சீனி. நீ அச்சு எடுத்தது செத்த கைய."

களம் அப்படியே நின்றது.

"நாப்பது தரம் வரைஞ்சேனேக்கா" என்றான் ஜீவராஜ். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது குரல். "ஒவ்வொரு வெரலாப் புடிச்சுப் பாத்துப் பாத்து வரைஞ்சேனே."

"வரைஞ்ச. கல்லு சுட்ட புண்ணையும் வரைஞ்ச. அழகா இருக்குன்ன."

அவன் முகத்தில் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்ததைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது. அவன் சுமை இறங்கும் என்று நினைத்துத்தான் அவள் சொன்னாள். இறங்கவில்லை, இன்னொரு இடத்துக்கு மாறிக்கொண்டது. ஊர் அவனுக்குக் கொடுத்த ஒரே பெருமை அந்தக் கண். அதில் கையை வைத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் சொன்ன வாயை மூடவில்லை.

"யாரும் பொறுக்கிறேன் கிறுக்கிறேன்னு கைய விட்டுறாதீங்கடி. சூடு வெளங்காத கை இங்க என்னோடது மட்டும் இல்ல."

கண்டாக்கு துஷாந்த் கிட்டே வந்தான். கெட்டவனில்லை. ஆனால் அவனுக்கு மேலேயும் ஆள் இருக்கிறது.

"வலது கை மட்டுமா?"

நாகலெட்சுமி அழகம்மாவைப் பார்த்தாள். இன்னும் ஒரு பொய்க்கு இடம் இருந்தது.

"ரெண்டும்" என்றாள்.

"அப்ப ரெண்டு வருசமா எப்புடிக் கொழுந்து பறிச்ச?"

"கண்ணால."

அவன் பேனாவைத் திறந்தான். மூடினான். மறுபடியும் திறந்து, பொலித்தீன் உறைக்குள் கையை விட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதினான்.

"ஆஸ்பத்திரித் துண்டோட நாளைக்கி ஆபீசுக்கு வா. இன்னைக்கி வீட்டுக்குப் போ."

நாளைக்கு ஆபீசில் என்ன சொல்வார்கள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். சண்முகவடிவையும் இப்படித்தான் கூப்பிட்டார்கள். நாகலெட்சுமி தலையாட்டினாள். காம்பராவில் பிரியந்தி இந்நேரம் பள்ளிக்குக் கிளம்பித் தலைவாரிக்கொண்டிருப்பாள். அவளிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்தபடி நின்றாள்.

ஜீவராஜ் அவளைத் தாண்டி நடந்தான். சுருட்டின சட்டையோடு நின்ற பெண்கள் முன்னால் போய், பிச்சை கேட்கிறவன் போல இரண்டு கையையும் நீட்டினான்.

"கைய காட்டுங்க. நான் அச்செடுக்கல. ஒண்ணும் எடுக்கல. பாக்கத்தான். கைய மட்டும் காட்டுங்க."

துஷாந்தும் பேனாவோடு திரும்பினான். "ஆமா, சொல்லுங்க. வேற யாருக்கு இப்புடி இருக்கு? கைய நீட்டுங்க பாப்பம்."

முதலில் சுப்பம்மாள் சட்டைக் கையை இறக்கினாள். பிறகு கையை மெல்ல இடுப்புப் படங்குக்குள் விட்டுக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் விட்டாள். பிரேமினி நாகலெட்சுமியைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். அவளுடைய கைகளும் உள்ளே போயின. அழகம்மா தலையைக் குனிந்துகொண்டு தன் கைகளையும் சாக்குக்குள் நுழைத்துக்கொண்டாள். வரிசை வரிசையாக அது பின்னாலே போயிற்று. சற்று முன்னால் ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டின களத்தில் இப்போது எழுபது எண்பது பெண்கள் முகமும் கூடையுமாக மட்டும் நின்றார்கள்.

ஜீவராஜ் நீட்டின கையோடு அப்படியே நின்றான். எங்கே திரும்பினாலும் அவனுக்குப் பார்க்க ஒரு கை இல்லை.